முத்திரை வரிசையில் ஒரு மழைக்காலம்

"தேடுறதுன்னா தள்ளி நின்னு தேடுங்க."

ஒடீல் அவனிடம் பேசிய முதல் வாக்கியம் அது. கோபத்தில் பேசியது.

பெல்ஜியத்தின் வெர்வியே நகரில் மழை பெய்யாத நாள் குறைவு. எண்பத்திரண்டாம் வருஷத்து அக்டோபரில் அப்படி ஒரு நாள்கூட இருந்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. நகராட்சியின் பழைய உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசை கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. முத்திரை குத்துகிற அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஷட்டரில் ஒரு கையை வைத்திருந்தாள். மிச்சம் இரண்டே பேர். முன்னால் ஓர் உயரமான ஆள், ஈரக் கோட்டின் பைகளை ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டு. அவன் முதுகுக்குப் பின்னால் ஒடீல், ஓடி வந்ததில் மூச்சிரைக்க.

அவன் திரும்பினான். சாம்பல் நிறக் கண்கள்... மழையில் நனைந்த சிலேட்டுக் கூரை மாதிரி. இமையில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது திருப்பிச் சொல்வான் என்று அவள் தயாராக நின்றாள். அவனோ ஒரு பக்கமாக ஒதுங்கி, கதவு திறந்துவிடுகிறவனைப் போலக் கையை நீட்டினான்.

அவள் அட்டையில் முத்திரை விழுந்தது. ஷட்டர் இறங்கியது. அவன் உள்பையிலிருந்து அட்டையை அப்போதுதான் வெளியே எடுத்தான்.

இப்போதெல்லாம் இதைச் சொன்னால் சின்னவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. எல்லாமே கைப்பேசியில் நடக்கிற காலம். அன்றைக்கு வேலை போனவர்கள் தினமும் நேரில் போய் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒரு நாள் காலை ஒன்பது, மறுநாள் மதியம் இரண்டு என்று நேரத்தை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், யாரும் திருட்டுத்தனமாக எங்கேயும் வேலைக்குப் போய்விடக் கூடாதென்று. முத்திரை தவறினால் அன்றைய உதவிப் பணம் போச்சு. அவமானமான வரிசைதான். ஆனாலும் அதில் நின்றவர்கள் எங்கேயாவது சந்தித்துக்கொண்டால் இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவது போல.

அவனைத் தெருவில் ஓடிப்போய்ப் பிடித்தாள் ஒடீல்.

"எதுக்கு ஒதுங்கினீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க."

"நான் திட்டினேன்."

"அப்படியா? குரல் நல்லா இருந்துச்சா... திட்டுன்னு தெரியல."

அவளுக்குக் காது சூடானது. இந்த ஆளுக்கு ஒரு நாள் பணம் நம்மால் போயிற்று, இவன் என்னடாவென்றால் குரலைப் பற்றிப் பேசுகிறான்... மூலையிலிருந்த பேக்கரிக்கு இழுத்துப் போனாள். பாலில் அரிசியைக் குழைய வேகவைத்துச் செய்கிற அந்த ஊர் டார்ட் பலகாரத்தில் ஆளுக்கொரு துண்டும், காப்பியும். அவன் பெயர் லாம்பேர். கம்பளி அலசுகிற ஆலையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன். ஒடீல் வேலை பார்த்தது நெய்த துணியில் பிசிறு எடுக்கிற கூடத்தில். இரண்டு ஆலைகளும் ஒரே வசந்தத்தில் மூடப்பட்டன. அத்தனை வருஷம் ஒரே ஆற்றின் இரண்டு கரைகளில் வேலை செய்திருக்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

"மூடினதுக்கும் ஒரு புண்ணியம்" என்றான் லாம்பேர், தட்டைப் பார்த்துக்கொண்டே. அவள் கேட்காதது போல இருந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வரிசை வேறு மாதிரி ஆகிவிட்டது. முதலில் வருகிறவர் மற்றவருக்கு இடம் பிடித்து வைப்பார். அவன் குடை கொண்டுவருவதே இல்லை, அவள் குடைக்குள்தான் ஒண்டிக்கொள்வான். வேண்டுமென்றேதான் என்பது அவளுக்கு நவம்பரில்தான் புரிந்தது. கரும்பலகையில் மறுநாள் நேரத்தை எழுதுவார்கள். அதைப் பார்த்துவிட்டு "நாளைக்குப் பத்தரைக்கு" என்று அவன் சொல்லும்போது, வேலை வெட்டி இல்லாத ஒருத்திக்கு நாளை என்று ஒன்று இருப்பதே பெரிய விஷயமாகத் தோன்றும்.

முத்திரை மட்டும் போதாது. வேலை தேடியதற்கு அத்தாட்சியும் காட்ட வேண்டும். கம்பெனி கம்பெனியாகப் போய், 'இடம் இல்லை' என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். லாம்பேர், சேர்ந்தே போகலாமே என்றான். பஸ் ஏறினார்கள். சாக்லேட் கம்பெனியில் வேண்டாம் என்றார்கள். பாட்டில் தொழிற்சாலையில் வேண்டாம் என்றார்கள். சலவைக்கடைக்காரர் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார். சாக்லேட் கம்பெனி வாசல்காவலர் மட்டும் மனசு கேட்காமல், உடைந்த துண்டுகள் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பஸ் நிறுத்தத்துக் கூரையின் கீழ் அதைப் பங்கு போட்டுத் தின்றார்கள். வயல்வெளியெல்லாம் மழை... பசுக்கள் நனைந்துகொண்டு நின்றன.

"இன்னிக்கு எத்தனை பேர் நம்மள வேண்டாம்னாங்க?"

"ஊரே வேண்டாம்னுடுச்சு" என்று சிரித்தாள் ஒடீல். சிரித்து முடித்ததும் நினைத்துக்கொண்டாள்... இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது எப்போது?

ஒடீல் குடியிருந்தது ஒரு கசாப்புக் கடையின் மாடியில், ஒற்றை அறையில். கடைக்காரரின் மனைவி நொயெல்லா வீட்டுக்காரி மட்டுமல்ல, தெருவின் செய்தித்தாளும் அவள்தான். மாடி அடுப்பு புகைந்தபோது லாம்பேர் வந்து குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தான். அடுத்த ஞாயிறு அடுப்பு சரியாக எரிகிறதா என்று பார்க்க வந்தான். அதற்கடுத்த ஞாயிறு பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் வந்தான். ஈர ஷூவோடு அவன் தயங்கி நிற்பதைப் பார்த்து அவள் ஒரு ஜோடி வீட்டுச் செருப்பு வாங்கி வைத்தாள். சூப் குடிப்பார்கள், சீட்டாடுவார்கள். இருட்டத் தொடங்கியதும் எழுந்துவிடுவான். வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுப்பான்... பிறகு மழையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

ஒருநாள் அவளே கேட்டுவிட்டாள், என்ன சொல்ல வந்தீங்க என்று.

"வேலை கிடைக்கட்டும். அன்னிக்குச் சொல்றேன்."

அவன் வீம்பு அப்படி. சம்பளம் இல்லாத ஆண்பிள்ளைக்குச் சில வார்த்தைகளைச் சொல்ல உரிமை இல்லை என்று நினைத்தான். கூடவே அந்தச் சட்டம் வேறு. தனியாக வாழ்கிறவருக்கு ஓர் அளவு உதவிப் பணம். இரண்டு பேர் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இரண்டு பேருக்குமே வெட்டு. மறைத்துச் சேர்ந்திருந்து மாட்டினால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் காதலிப்பவர்கள் அந்த ஊரில் தனித்தனி வாடகை கட்டிக்கொண்டு, தனித்தனியாகக் குளிர் காய்ந்துகொண்டு இருந்தார்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் வரிசையில் ஒரு பேச்சு கிளம்பியது. வீடு வீடாக ஆய்வாளர் வருகிறாராம். பல்துலக்கும் பிரஷ்ஷைக்கூட எண்ணுகிறாராம். அதைக் கேட்டதும் லாம்பேரின் முகம் மாறிப்போனது. அன்று மாலையே மாடிக்கு வந்தான். உட்காரவில்லை. அந்த வீட்டுச் செருப்பைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டான். அவன் வழக்கமாகக் குடிக்கிற கோப்பையை எடுத்து அலமாரியின் உள்ளே தள்ளினான்.

"என்ன பண்றீங்க?"

"நான் இங்க வந்ததுக்கு எந்த அடையாளமும் இருக்கக் கூடாது."

"நாம என்ன தப்பு பண்ணினோம்? சூப் குடிச்சோம்."

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது, ஒடீல்."

"திருடன் மாதிரி மூட்டை கட்டிட்டுப் போறதை மட்டும் நான் தாங்கணும், அப்படித்தானே? போங்க. போறவர் மொத்தமா போங்க."

அவன் போனான். மறுநாள் வரிசையில் அவளுக்கு வெகு தூரம் பின்னால் நின்றான். அதற்கு மறுநாளும். அவள் திரும்பிப் பார்த்தால் சுவரில் இருக்கும் அறிவிப்பைப் படித்தான். அவளுக்காகத்தான் செய்கிறான் என்று அறிவுக்குத் தெரிந்தது. மனசுக்குத் தெரியவில்லை. குடை அகலமாக, அனாவசியமாகப் பெரிதாகத் தெரிந்தது. நேரம் எழுதிய கரும்பலகையை அவள் ஒருத்தியே பார்த்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஆய்வாளர் வந்தது ஒரு வியாழக்கிழமை காலை. சாம்பல் கோட்டு, ஐம்பது வயது, சளி பிடித்த மூக்கு. கால்மிதியில் ஷூவை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அலமாரியைத் திறக்கலாமா என்று கேட்டுத் திறந்தார். குளியல் அலமாரியைப் பார்த்தார். ஒரு பிரஷ், ஒரு துண்டு, ஒரு தலையணை... ஒவ்வொன்றாக அவர் எழுதிக்கொள்ளக் கொள்ள ஒடீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயத்தால் அல்ல. தன் வாழ்க்கையில் எல்லாமே ஒன்றே ஒன்றுதான் என்பதை யாரோ உரக்கப் படித்துக் காட்டுவது போல இருந்தது.

யாரோ போட்டுக்கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. லாம்பேர் என்று ஒருவர் இங்கே வசிப்பதாகத் தகவல் என்றார் ஆய்வாளர், கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. நொயெல்லாவின் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள் ஒடீல்.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வாசலில் லாம்பேர், தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட. நொயெல்லா கடையை அப்படியே போட்டுவிட்டு அவன் அறைக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறாள். அவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று ஒடீலுக்கு வெட்கமாக இருந்தது.

"நான்தான் லாம்பேர். நான் இங்க வசிக்கல. அவங்க தனியாத்தான் இருக்காங்க. ஏதாவது எழுதணும்னா என் பேர்ல எழுதுங்க."

"வந்துபோறது உண்டா?"

"உண்டு. ஞாயித்துக்கிழமைல."

"எதுக்காக?"

லாம்பேர் வாயைத் திறந்தான். மூடினான். அடுப்பைப் பார்த்தான். அடுப்பு எந்தப் புகையும் இல்லாமல் நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அவன் கோட்டிலிருந்து விழுந்த தண்ணீர் தரையில் ஒரு சின்னக் குட்டையாகிக்கொண்டிருந்தது.

"அவங்கள எனக்குப் பிடிக்கும், சார்" என்றான் கடைசியில், மிக மெதுவாக. "ரொம்ப... அக்டோபர்ல இருந்து வேற எதையும் என்னால யோசிக்க முடியல. வேலை கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அவங்ககிட்டயே இன்னும் சொல்லல."

ஆய்வாளரின் பேனா நின்றுவிட்டது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை போலும். ஒடீல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்படி எழுதிக்கோங்க, சார். இன்னிவரைக்கும் அவர் இங்க வசிக்கல. ஜனவரி ஒண்ணாம் தேதியிலிருந்து வசிப்பார். வெட்டுறதை வெட்டிக்கோங்க. ரெண்டு பேருக்கும்."

"ஒடீல், வேண்டாம்... யோசிச்சுப் பேசுங்க" என்றான் லாம்பேர்.

"யோசிச்சாச்சு."

ஆய்வாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தார். ஜனவரி மாற்றத்துக்கு வேறு படிவம், அலுவலகத்துக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். படியருகே போனவர் திரும்பினார்.

"அதுவரைக்கும் இவருக்கு ஒரு துண்டாவது கொடுங்க, மதாம். எனக்கு வந்த சளி இவருக்கும் வந்துடும்."

அவர் காலடிச் சத்தம் கீழே போய்க் கடைக்குள் கரைந்தது. வெளியே மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"இருக்கிறதும் பாதியாயிடும்" என்றான் அவன். "நான் ஒண்ணுமில்லாதவன், ஒடீல்."

"நானும்தான். ரெண்டு ஒண்ணுமில்லாதவங்க ஒரே அடுப்புல குளிர் காயலாம்." அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். தன்னையறியாமல் அந்த 'ங்க' அவள் நாக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது. "ஆபீசர்கிட்ட சொன்னியே... அதை என்கிட்ட சொல்லு."

லாம்பேர் ஈரக் கையைக் கோட்டில் துடைக்கப் பார்த்தான். கோட்டும் ஈரம். அப்படியே அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னை எனக்குப் பிடிக்கும்" என்றான். "உன்னை மட்டும்தான்."