பசிப்புல்

சட்டி காலியான பிறகும் கரண்டி சுரண்டுகிற சத்தம் நிற்கவில்லை. மாடியில், வாடகைக்குத் தங்க வரும் விருந்தாளிகளின் அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த ஃபின்டன் காது கொடுத்துக் கேட்டான். டிசம்பர் மாதச் சாயங்காலம், நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. ஜன்னல் இடுக்கில் கடற்காற்று ஊளையிட்டது, கீழேயிருந்து வெந்த முட்டைக்கோஸ் வாடை ஏறி வந்தது, அதனூடே அந்தச் சுரண்டல், விடாமல், அவசரமாக.

"ஓர்லா, சட்டியை ஓட்டை போட்டுடப் போறே!"

"பசிக்குது ஃபின்டன்."

"இப்பதானே சாப்பிட்டே? வயித்துக்குள்ள ஆளா குடி வச்சிருக்கே?"

இறங்கிப் போய்ப் பார்த்தான். நாளைக்கு வருகிறவர்களுக்காகச் சுட்டு வைத்திருந்த ரொட்டி மொத்தமும் காணோம். வெண்ணெய் சுற்றிய தாளைக்கூட நக்கி வைத்திருந்தாள். காலையில் கழற்ற முடியாமல் இறுகியிருந்த கல்யாண மோதிரம் இப்போது அவள் விரலில் தொளதொளவென்று ஆடியது.

"இன்னிக்கு எங்கே போனே?"

"சிலைகிட்டதான். புல்லுல குப்பை கிடந்தது, பொறுக்கினேன்."

சிலை அவர்கள் வாசலுக்கு நேரெதிரே, துறைமுக ஓரத்தில் இருந்தது. உருளைக்கிழங்கு அழுகி நாடே பட்டினி கிடந்த காலத்தில் கப்பலேறப் போனவர்களின் நினைவாக வைத்தது. வெண்கலத்தில் ஒரு புருஷன், அவன் தோளில் தலை தொங்கிய பிள்ளை, பின்னால் கையேந்தி நிற்கும் மனைவி. அடியில் பதிக்கப் புல் வேண்டும் என்று ஊரில் கேட்டதும், கல்வெட்டில் தன் பெயர் வருமே என்ற ஆசையில், அப்பாவின் மேட்டுவயலிலிருந்து வெட்டிக் கொடுத்தவன் ஃபின்டன்தான். பஞ்சத்தில் செத்தவர்களை மொத்தமாகக் குழியில் தள்ளி மூடிய வயல் அது. அந்தப் புல்லை மிதித்தால் தீராப் பசி பிடிக்கும், சட்டைப்பையில் ரொட்டித்துண்டு இல்லாமல் அங்கே கால் வைக்காதே என்று ஊரில் சொல்வார்கள். புல் துறைமுகத்துக்கு வந்ததும், சிலையைக் கடக்கிறவர்கள் வெண்கலக்காரியின் கையில் ஆளுக்கொரு துண்டு வைக்க ஆரம்பித்தார்கள். கடற்பறவைகள் கூடி அவன் ஜன்னல்களை நாசமாக்கின. ஆகவே தினமும் காலையில் புல்லில் கால் படாமல் எட்டி நின்று, ரொட்டியை எடுத்துக் கடலில் கொட்டி, அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவான். அதில் அவனுக்குப் பெருமை வேறு.

வாசற்கதவு காற்றில் அடித்துக்கொண்டது. திரும்பினான். ஓர்லாவைக் காணோம்.

வாசலில் பக்கத்து வீட்டு டிம்ப்னா மூச்சிரைக்க நின்றாள். "உன் பொண்டாட்டி புல்லுல மண்டி போட்டுக் கிடக்கா. கையைப் பளபளன்னு கழுவி வச்சியே மகராசா, போய்ப் பாரு, ஒரு பொடியாவது மிச்சமிருக்கான்னு!"

"திட்டறதை அப்புறம் திட்டு. இப்ப என்ன செய்ய?"

அவள் கோட்டுப்பையிலிருந்து காய்ந்த துண்டொன்றை எடுத்து அவன் கையில் திணித்தாள். "என் வீட்டுக்குப் போய் வேற எடுத்துட்டு வர்றதுக்குள்ள அவ போயிடுவா. ஒரு துண்டு ஒரு ஆளைத்தான் காப்பாத்தும். அவ வாயில வை. உனக்கில்லை, புரியுதா?"

"எனக்கென்ன பசி?" என்றபடி ஓடினான். வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தான்.

விளக்குக்கம்பத்தின் மஞ்சள் வெளிச்சம் ஈரத்தில் நடுங்கியது. படகுச் சங்கிலிகள் உரசின. பசு மேய்வதைப் போல, புல்லை வேரோடு பிய்க்கும் சத்தம் கேட்டது.

புல்லில் கால் வைத்தான். ஈரம். இன்னொரு அடி. வயிற்றுக்குள் என்னவோ வாயைத் திறந்தது.

ஓர்லா நிமிர்ந்தாள். வாயெல்லாம் பச்சை. கையை நீட்டினாள்.

"குடு."

கொடுக்கத்தான் நீட்டினான். சத்தியமாக நீட்டினான். ரொட்டியின் வாசனை. கை மடங்கியது. தன் வாய்க்கே வந்தது.

மென்றான். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினான்.

பசி போய்விட்டது. துளிகூட இல்லை. கதறிக்கொண்டு அவள் கையைப் பற்றினான். அவன் மோதிரம் அவள் விரல்களில் இடித்தது. கணீரென்றது.

வாயின் பச்சை கழுத்துக்கு இறங்கியிருந்தது. நீட்டிய கை நீட்டியபடியே. குளிர்ந்த, உள்ளீடற்ற வெண்கலம். அவள் நெஞ்சில் காதை வைத்தான்.

உள்ளே சுரண்டுகிற சத்தம். விடாமல். அவசரமாக.