கடிகாரம், ஒலி, திரை

தோற்க வேண்டிய சோதனை தேறியிருந்தது.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். 'கடிகாரம்: சரி' என்று பச்சை எழுத்தில் நின்றது. சரியாக இருக்க வழியே இல்லை. ஒரு புரோகிராம் மொழியை, எங்கோ நாலு தொழிற்சாலைகள் மட்டும் இன்னும் வைத்திருக்கும் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓட வைப்பது அவள் வேலை. எழுதி முடிக்காத பகுதிகளுக்கு வெற்று உறைகளைப் போட்டு வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். எதைக் கேட்டாலும் பூஜ்யம் என்று மட்டும் அவை பதில் சொல்லும். கடிகாரமும் அப்படியொரு உறைதான். திறந்து பார்த்தாள். ஒரே வரி. பூஜ்யம். ஆனால் சோதனையில் அது மணி, நிமிடம், நொடி எல்லாவற்றையும் பிசகாமல் சொல்லியிருந்தது.

தாடிதான், சந்தேகமே இல்லை. ஆபீஸில் எல்லோரும் அப்படித்தான் அவனைக் கூப்பிடுவார்கள்; இவளுக்கு முன்னால் இதே வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவன். எங்கிருந்தோ உள்ளே நுழைந்து, இவள் வேலையில் கை வைக்கிறான். மெஷினின் பின்பக்கம் கையை விட்டு நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினாள்.

ஜன்னல் இல்லாத அறை. ஏசி ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் மெஷின் விசிறியின் கரகரப்பு, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாடை, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போன்ற ஒரு கனம்.

மறுபடி சோதனையை ஓட விட்டாள். 'கடிகாரம்: சரி.'

போன் அடித்தது. கணவன்.

"எங்கதான் இருக்கே? பாப்பா ஸ்கூல் வாசல்ல ஒத்தையா உக்காந்திருக்கா."

"இப்ப பதினோரு மணிதானே ஆகுது?"

"நாலே முக்கால்! பேசாம நீ கம்ப்யூட்டரையே கட்டிக்கிட்டிருக்கலாம்."

"இதோ, கிளம்பிட்டேன்."

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். முட்கள் தெரிந்தன. எண்கள் தெரிந்தன. அவை என்ன சொல்கின்றன என்பது மட்டும் புரியவில்லை.

களைப்பு. வேறென்ன? பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். போவதற்கு முன்னால் தாடியை நறுக்கென்று நாலு கேட்டுவிட வேண்டும். எண்ணை அழுத்தினாள். எடுத்தது அவன் மனைவி.

"அக்கா, போனை அவர்கிட்ட குடுங்க. ஆபீஸ் மெஷின்ல விளையாட வேணாம்னு சொல்லணும்."

"அவரா?" அந்தக் குரல் சிரித்ததா, அழுததா தெரியவில்லை. "ஸ்பூனை வாயில வெச்சாக்கூட மெல்லத் தெரியலைம்மா அவருக்கு."

"வேலையை விட்டுட்டார்னு சொன்னாங்களே..."

"அப்படியா சொன்னாங்க? ஆபீஸ்லேர்ந்து தூக்கிக்கிட்டு வந்து போட்டாங்க. முதல்ல மணி பார்க்கத் தெரியல. அப்புறம் காது போச்சு. அப்புறம்... இரு, நீ எங்கேர்ந்து பேசற? அந்த ரூம்லேர்ந்தா? உடனே அந்த மெஷினை..."

குரல் நின்றது.

"அக்கா?"

தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான். போன் இன்னும் இணைப்பில்தான் இருந்தது. ஏசியின் உறுமல் இல்லை. விசிறியின் கரகரப்பு இல்லை. மேஜையை ஓங்கிக் குத்தினாள். வலித்தது. சத்தம் இல்லை.

திரையில் புதிதாக ஒரு வரி.

'ஒலி: சரி.'

அதன் கீழே இன்னொன்று. 'திரை: சோதனை நடக்கிறது.'

பிளக்கைப் பிடுங்கினாள். அது கையோடு வந்தது. மெஷினின் விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது.

திரையில் புள்ளி புள்ளியாக ஒரு படம் எழுந்தது. மேஜை விளிம்பு. ஒரு கை. அதில் தொங்கும் பிளக். அவள் பார்ப்பதெல்லாம். அங்கே ஒரு புள்ளி சேரச் சேர, இங்கே அவள் கண்ணில் ஓரத்திலிருந்து இருட்டு.

கதவுப் பக்கம் திரும்பினாள். கதவு இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

மறு கையில் போன் அதிர்ந்தது. குனிந்தாள். இருட்டு. நிமிர்ந்தாள். மிச்சமிருந்தது ஒரு காசளவு வெளிச்சம். அதற்குள் திரை. திரைக்குள் அவள் கை, கையில் போன், போனில் 'பாப்பா ஸ்கூல்' என்ற எழுத்து, அத்தனையும் பளிச்சென்று.

அதன் கீழே பச்சையில் முதல் எழுத்து விழுந்தது.

'ச'