தேடிய இடங்கள்

எதிர்வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்று, அதிலிருந்து டை கட்டிய ஒருவர் இறங்கிய பிறகும் நான் என் வீட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பேன் என்று யாராவது நினைத்தால், அவர்கள் எங்கள் தெருவுக்குப் புதியவர்கள். வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. போன மாதம் அந்த வீட்டில் இரவல் வாங்கிய கரண்டி ஒன்று என்னிடம் இருந்தது. இப்படி ஒரு சமயத்துக்கு உதவும் என்றுதான் யார் வீட்டுக் கரண்டியையும் நான் உடனே திருப்பிக் கொடுப்பதில்லை. அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

அது கேள்வியம்மாவின் வீடு. கேள்வியம்மா என்பது தெரு வைத்த பெயர். வெளியே அவர் பெரிய பேராசிரியர்; கல்லூரியில் முப்பத்துநான்கு வருடம் நூலக அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். நூலகத்துக்கு வந்து ஒருவர் ஒன்றைக் கேட்டால் அந்தக் கேள்வியை எப்படி எழுதிவைப்பது, எங்கெங்கே தேடுவது, தேடியதை எப்படிக் குறிப்பது என்று அவர் எழுதிய புத்தகங்களைக் கடல் தாண்டியும் பாடமாக வைத்திருக்கிறார்களாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவர் வீட்டுக் கூடத்தில் சுவரை அடைத்து நின்ற மரப்பெட்டிதான். அதில் பன்னிரண்டு இழுப்பறைகள். பதினொன்றில் பதில் கிடைத்த கேள்விச் சீட்டுகள். பன்னிரண்டாவதில் இன்னும் கிடைக்காதவை. பதிலை, கேட்டவர் கையிலேயே கொடுத்துக் கையெழுத்து வாங்கும்வரை எந்தக் கேள்வியும் முடிந்ததாகாது, கேட்டவரே மறந்துபோயிருந்தாலும் சரி. இதுதான் அவருடைய விதி.

ஐந்து மாதத்துக்கு முன் கேள்வியம்மா இறந்துபோனார். இப்போது வீட்டில் அவருடைய தங்கை மட்டும். அறுபது வயதாகியும் தெருவுக்கு அவர் தங்கச்சிதான். அக்கா எழுதியதை எல்லாம் ஆயுள் முழுக்கத் தட்டச்சு செய்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் பதினைந்து வருடமாக விசாரித்தும் ஆள் பிடி கொடுக்கவில்லை.

உள்ளே, தங்கச்சி ஒரு முக்காலியைப் போட்டு, அந்தப் பன்னிரண்டாவது இழுப்பறையில் முதுகைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே டைக்காரர். கேள்வியம்மாவின் பழைய மாணவர். இன்று அதே கல்லூரியின் தலைமை நூலகர். பின்னால் இரண்டு சுமை தூக்குபவர்கள், எதைத் தூக்குவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சொன்னாக் கேளுங்கம்மா. நாளைக்குக் காலையில மேடம் பேருல வாசிப்பு ஹால் திறக்கிறோம். பித்தளைப் பலகை, ஆளுயரப் படம். பெட்டி அங்க வந்தாத்தானே அவங்களுக்கு மரியாதை?”

“தாராளமா எடுத்துட்டுப் போ தம்பி. பதினோரு அறையையும் எடுத்துக்கோ. பன்னெண்டாவது இங்கதான் இருக்கும்.”

“அதுல என்னம்மா இருக்கு? பதில் இல்லாத கேள்வி. வெறும் குப்பை.”

“குப்பைக்கா வேன் வச்சுட்டு வந்தே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சி என் பக்கம் திரும்பினார்.

“கரண்டிய வச்சாச்சுல்ல? இன்னும் என்ன?”

“வெயில்மா. கொஞ்சம் ஆத்திக்கிட்டுப் போறேன்.”

“உட்காரு. எனக்கும் ஒரு சாட்சி ஆச்சு.” பிறகு டைக்காரரிடம், “அக்கா போறப்போ இதுல நாப்பத்தோரு சீட்டு இருந்துச்சு. இப்போ ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி.”

“மிச்சம்?”

“பதில் வந்துருச்சு. கேட்டவங்க கைக்குப் போயிருச்சு.”

அது எனக்கும் தெரியும். இந்த ஐந்து மாதமாக யார் யாரோ அந்த வாசலுக்கு வந்து போனார்கள். தன் அப்பா ஏறிப்போன கப்பலின் பெயரை இருபது வருடத்துக்கு முன் கேட்டிருந்த ஒரு டிரைவர், சீட்டை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுததை என் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அக்காவின் பெயர் அழியாமல் இருக்கத் தங்கச்சிதான் அக்கா கையெழுத்தில் எழுதித் தள்ளுகிறார் என்பது என் கணிப்பு. நாலு வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன்.

டைக்காரருக்கும் அதே எண்ணம். “யாரு எழுதுறது? நீங்கதானே?”

“எனக்குத் தட்டச்சுதான் வரும். எழுத்து அக்காவோடது.”

டைக்காரர் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிவதற்குள், “அந்த ஒரு சீட்ட மட்டும் காட்டுங்க” என்றார். கொஞ்சம் அவசரமாகவே சொன்னார். என் காது விடைத்துக்கொண்டது.

தங்கச்சி எழுந்து இழுப்பறையை இழுத்தார். உள்ளே ஒரே ஒரு சீட்டு. அதை எடுத்த பிறகு மரத்தின் அடிப்பலகை மட்டும். அவர் உரக்கவே படித்தார். கேட்டவர், துறையின் மாணவி. தேதி, பதினெட்டு வருடத்துக்கு முன். கேள்வி: நான் துறையில் ஒப்படைத்த ஆய்வேடு காணவில்லை, அது எங்கே இருக்கிறது? அதன் கீழே ‘தேடிய இடங்கள்’ என்ற கட்டத்தில் ஊதா மையில் மூன்று வரி. நூலகம், இல்லை. பைண்டிங் அறை, இல்லை. துறைத் தலைவர் அலமாரி, இல்லை.

அந்த மாணவியை எனக்குத் தெரியும். பஸ் நிலையத்து மூலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள்தான். ஆய்வேடு இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் வேலை இல்லை. பதினெட்டு வருடமாக ஊரார் ஆய்வேடுகளுக்கு நகல் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடையது காணாமல் போன மறுவருடமே, ஏறக்குறைய அதே விஷயத்தில், டைக்காரருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தவர்கள் தெருவில் மொத்தம் மூன்று பேர். மற்ற இரண்டு பேரும் என்னிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

டைக்காரர் சட்டென்று கையை நீட்டிச் சீட்டைப் பறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“இது காலேஜ் சமாச்சாரம்.”

“குடு தம்பி. அது உன்னோடது இல்ல. அக்காவோடதும் இல்ல. கேட்டவளோடது.”

“தரலைன்னா?”

கரண்ட் போனது.

மின்விசிறி வேகம் குறைந்து, இரண்டு சுற்று தள்ளாடி, நின்றது. கூடத்தில் ஒரே ஜன்னல். அதையும் வேன் மறைத்துக்கொண்டிருந்தது. மங்கலில் முதலில் வந்தது வாசனைதான். ஈரப் பசை. மைப்பெட்டியின் பஞ்சு. ரொம்ப நாள் மூடிவைத்த புத்தகத்தை முகத்துக்கு நேராக விரித்தால் வருமே, அந்தக் காற்று.

கேள்வியம்மாவின் அறை சாத்தியிருந்தது. வெளியே பூட்டும் தொங்கியது.

உள்ளேயிருந்து ஒரு சத்தம்.

டக்.

ரப்பர் முத்திரையை மேசையில் குத்தும் சத்தம். பிறகு, ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அமைதி.

டக்.

“உள்ள யாரு?” டைக்காரரின் குரல் பாதியாகியிருந்தது.

“சத்தம் போடாதே,” தங்கச்சி கிசுகிசுத்தார். “தேடிட்டிருக்கா.”

சுமை தூக்குபவர்கள் இருவரும் காற்று வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார்கள். அவர்களை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. நானும் எழுந்திருக்கத்தான் நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. பொய் சொல்வானேன், பாதி பயம், பாதி ஆசை.

அப்போதுதான் டைக்காரரின் சட்டைப் பையைப் பார்த்தேன். வெள்ளைத் துணியில் ஒரு ஊதாப் புள்ளி. பொத்தான் அளவு ஆனது. பிறகு உள்ளங்கை அளவு.

அவர் சீட்டை வெளியே இழுத்தார். நான்காவது வரி இருந்தது. இன்னும் காயவில்லை.

தலைமை நூலகர் அறை, இல்லை.

எங்கள் மூன்று பேர் கண் முன்னாலேயே, பேனா இல்லாமல், கை இல்லாமல், ஐந்தாவது வரி ஊறி வந்தது.

தலைமை நூலகர் வீடு, மாடி,

அதோடு நின்றது.

அவருடைய போன் அடித்தது. மனைவி. அந்த அமைதியில் மறுமுனைக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்டிருக்கும்.

“என்னங்க, யாரையாவது வீட்டுக்கு அனுப்பினீங்களா?”

“இல்லையே. யாரு?”

“ஒரு வயசான அம்மா. என்ன வேணும்னு கேட்டேன். வாயில விரல வச்சுக் காட்டிட்டு மாடிக்குப் போயிட்டாங்க.” மூச்சு வாங்கினாள். “வாசக் கதவு பூட்டித்தாங்க இருந்துச்சு. இப்பவும் பூட்டித்தான் இருக்கு.”

“என்ன பண்றாங்க?”

“பழைய பெட்டியெல்லாம் இறக்குறாங்க. ஒவ்வொண்ணா தூசி தட்டுறாங்க. தட்டுனா தூசி பறக்கணும்ல?”

“ஆமா?”

“பறக்கல.”

“வெளிய போகச் சொல்லுடி!”

“நீங்க வந்து சொல்லுங்க. எனக்கு… கண்ணாடி போட்டிருக்காங்க. அந்தக் கண்ணாடிக்குப் பின்னாடி…”

போன் செத்துப்போனது.

டக்.

ஐந்தாவது வரி நிறைந்தது.

இருக்கிறது.

இந்தத் தெருவில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் டை கட்டிய ஒரு மனிதர் காகிதம் தின்றதை அன்றுதான் பார்த்தேன். சீட்டைக் கசக்கி, வாயில் திணித்து, கண் பிதுங்க மென்று, விழுங்கியே விட்டார். உதட்டோரம் ஊதா வழிந்தது.

“இப்போ சொல்லுங்க. எங்க இருக்கு உங்க ஆதாரம்?”

தங்கச்சி அசரவில்லை.

“ஏழு வருஷம் அக்காகிட்ட படிச்சே. ஒவ்வொரு சீட்டுக்கும் நகல் எடுக்கணும்னு முதல் வகுப்புலேயே சொல்லியிருப்பாளே.”

காலியாக இருந்த இழுப்பறையைக் காட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். அடிப்பலகை மேல் ஒரு சீட்டு. அதே கேள்வி. ஐந்து வரியும் முழுதாக. கடைசியில் அன்றைய தேதி முத்திரை.

டைக்காரர் பின்பக்கமாகவே நடந்து, முக்காலியில் தடுக்கி, எழுந்து, வாசலைத் தேடிப்பிடித்து ஓடினார். தங்கச்சி பூட்டிய அறையைப் பார்த்து உரக்கச் சொன்னார்: “போதும்க்கா. மீதிய நான் பார்த்துக்கறேன்.”

கரண்ட் வந்தது.

“எதிர்வீடு, என்கூட பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர்றியா?”

எங்கேயும் போவதற்குக் காரணம் தேடுகிறவள் நான். வாழ்க்கையில் முதல்முறையாகப் போகாமலிருக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை, போனேன். ஜெராக்ஸ்காரி சீட்டை இரண்டு முறை படித்தாள். இயந்திரத்தின் வெளிச்சம் அவள் முகத்தில் போய்ப் போய் வந்தது. அழுவாள் என்று கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன்.

“நாளைக்கு விழா எத்தனை மணிக்கு?” என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. டைக்காரர் மேடையில் வாயைத் திறக்காமல் புன்னகை செய்துகொண்டிருந்தார். மற்றவர்களுக்கு அது அடக்கமாகத் தெரிந்தது. எனக்கு உள்ளே நாக்கு என்ன நிறம் என்று தெரியும். ஆளுயரப் படத்தின் கீழே பூட்டிய கண்ணாடிப் பேழையில் கேள்வியம்மாவின் புத்தகங்கள். அவற்றின் நடுவே, யார் வைத்தது என்று எவருக்கும் தெரியாமல், பச்சை அட்டை போட்ட ஓர் ஆய்வேடு.

கல்லூரி முதல்வர் புகழுரையைத் தொடங்கியபோது ஜெராக்ஸ்காரி எழுந்து நடுவழியே நடந்து வந்தாள்.

“அந்தப் பச்சை அட்டையில என் பேர் இருக்கு. பேழையத் திறங்க.”

டைக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இது அதுக்கான நேரம் இல்ல” என்றார்.

“பதினெட்டு வருஷமா உங்களுக்கு நேரம் இல்ல. நான் நிக்கிறேன். நேரம் வர்றப்போ திறங்க.”

நின்றாள். தங்கச்சி எழுந்து அவள் பக்கத்தில் நின்றார். சரி, வந்தது வந்தோம் என்று நானும் நின்றேன். எனக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பினால், அந்த டிரைவர். அவருக்குப் பின்னால் ஒரு நர்ஸ், ஒரு தையற்காரர், பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, யார் யாரோ. எல்லார் கையிலும் ஊதா மையில் எழுதிய சீட்டு. அழைப்பிதழ் இல்லாமல் வந்தவர்கள். ஒருவரும் உட்காரவில்லை.

முதல்வர் டைக்காரரைப் பார்த்தார். பேழையின் சாவி டைக்காரரின் பையில்தான் இருந்தது. நாலாவது முயற்சியில் துவாரத்தில் நுழைந்தது.

ஜெராக்ஸ்காரி முதல் பக்கத்தைத் திறந்து முதல்வரிடம் காட்டினாள். பெயர், தேதி, துறையின் பழைய முத்திரை எல்லாம் இருந்தன. பிறகு தன் சீட்டை மேடை மேசையிலேயே வைத்து, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்துப் போட்டாள். பித்தளைப் பலகையைத் திறக்க எல்லாருமே மறந்துபோனார்கள்.

டைக்காரர் இப்போது நீண்ட விடுப்பில் இருக்கிறார். விசாரணை நடக்கிறது. ஜெராக்ஸ்காரியின் ஆய்வேட்டை மதிப்பிட வெளியிலிருந்து ஆள் வருகிறார்கள். பன்னிரண்டாவது இழுப்பறையைத் தங்கச்சியே கொண்டுபோய் அந்த ஹாலின் வாசலில் வைத்து, மேலே வெற்றுச் சீட்டுகளும் ஒரு பேனாவும் கட்டிவிட்டார். தினமும் காலையில் போய் உட்கார்ந்து தானே தேடுகிறார். “எனக்குத் தெரியாதுன்னு எவன் சொல்றான்? நாப்பது வருஷம் அடிச்ச விரல்” என்கிறார். அறை பூட்டியபடியே இருக்கிறது. முத்திரைச் சத்தம் நின்றுவிட்டது. கேள்வியம்மா நிம்மதியாகப் போய்விட்டார் என்று தெரு முழுக்கச் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன்.

நேற்று காலை ஹால் பக்கம் போனேன். தங்கச்சி அன்றைய சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை மட்டும் தனியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

கேட்டவர், டைக்காரரின் மனைவி.

கேள்வி: எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் அம்மா எப்போது போவார்கள்?

“பாவம். என்ன பதில் எழுதப்போறீங்க?” என்றேன்.

“கீழ பாரு. நான் இன்னும் பேனாவே எடுக்கல.”

பார்த்தேன். ஊதா மை. என் விரலில் ஒட்டியது.

இன்னும் நான்கு பெட்டிகள் பாக்கி.