ஒன்பதாவது பூச்சி

சுங்கை லாலாங் பக்கத்துத் ரப்பர் தோட்டமொன்றுக்கு நான் நோயாளிகளைப் பார்த்து மருந்து கொடுக்கும் டிரெசராக மாற்றலாகி வந்தது 1979-இல். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே பழைய பலகை வீடு. மனைவி ஜெனவீவ், ஏழு வயது மகள் அகத்தா, நான். வாசல் விளக்குக்கு வரும் பெரிய அந்துப்பூச்சிகளைப் பிடித்து, புத்தகத்தைப் புரட்டிப் பெயர் கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. "அந்தோணிதாஸ் ஒரு தடவை பார்த்தால் போதும்" என்று எனக்கு நானே பெருமையடித்துக்கொள்வேன். நோயாளிகளையும் அப்படித்தான் பார்த்தேன்.

மருதம்மாள் பால் மரம் வெட்டுகிறவள், ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. மூன்று முறை வந்தாள்.

"தொண்டையில அடைக்குதுங்கய்யா. கஞ்சிகூட எறங்கல. லீவு சீட்டு குடுத்தீங்கன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவேன்."

வாயைத் திற என்றுகூட நான் சொல்லவில்லை. "வெறும் புண்ணு. மட்டம் போடப் பாக்காதே லா," என்று மூன்று முறையும் மாத்திரை கொடுத்து விரட்டினேன்.

நான்காம் மாதம் செத்துப்போனாள். தொண்டையில் புற்று. கடைசி நாட்களில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லையாம். என்னிடம் வந்தது அவள் புருஷன் பக்கிரிசாமிக்குத் தெரியாது என்று நினைத்தேன். நானாகச் சொல்லவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, வாசல் சுவரில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கை அகலம், செங்காவி நிறம், இறக்கை நுனியில் பாம்புத் தலை போல ஒரு கோலம். பார்த்ததும் தெரிந்தது, அட்லஸ். குளோரோபாம் பஞ்சை வைத்து மயக்கி, கழுத்தடியில் இஞ்செக்‌ஷன் ஊசியைக் குத்திப் பெட்டியில் வைத்தேன்.

மறுநாள் காலை அதே இடத்தில் இன்னொன்று.

எட்டு நாளில் எட்டு. ஆஸ்பத்திரி கூட்டுகிற பாப்பம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "குத்தாதீங்கய்யா. செத்தவங்க வீடு பாக்க வர்றது இது." நாங்கள் வேதக்காரர்கள், இதையெல்லாம் நம்புவதில்லை என்று சிரித்தேன்.

ஒன்பதாவது வந்த அன்று புத்தகத்தை முழுதாகப் படித்தேன். வளர்ந்த அட்லஸுக்குச் சாப்பிட வாய் கிடையாது. ஒரு வாரம் பட்டினி கிடந்து செத்துவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.

வாய் இல்லை.

வீடெங்கும் ஒட்டுப்பால் நாற்றம், மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலின் நாற்றம்.  ஆனாலும் வீம்புக்கு ஊசியைக் குத்தினேன்.

உள்ளே அகத்தா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, தொண்டையில குத்துதுப்பா."

மூன்று நாள். தண்ணீர் கொடுத்தாலும் கடைவாயில் வழிந்தது. சுங்கைப் பட்டாணி டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "வெறும் புண்ணுதான்," என்றார். மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பெட்டியிலிருந்த ஒன்பது ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பிள்ளைக்கு ஒன்றும் இறங்கவில்லை.

பொழுது சாயும்போது பக்கிரிசாமியின் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"உன் சம்சாரம் மூணு தடவை என்கிட்ட வந்தா. நான்தான் தொரத்திட்டேன். இப்ப என் மகளுக்குத் தண்ணிகூட எறங்கல, விட்டுடச் சொல்லு."

அவன் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "தெரியுங்கய்யா. மூணு தடவையும் நான்தான் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு வந்தேன். வெளியில நின்னுக்கிட்டு இருந்தேன்."



அவன் உள்ளே போய் ஒரு மங்கு கஞ்சி எடுத்து வந்தான். "தெனம் அவளுக்குப் படைச்சு வெக்கிறது. கொண்டுபோய்க் குடுங்க. பச்சப் புள்ள என்னா பாவம் பண்ணுச்சு."

அகத்தா மங்கை இரண்டு கையாலும் பிடித்து மடமடவென்று குடித்தாள். ஜெனவீவ் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

விடியற்காலையில் எழுந்து வாசல் சுவரைப் பார்த்தேன். வெறும் சுவர். பெட்டியைத் திறந்தேன். எட்டுப் பூச்சிகள்தான் கிடந்தன. ஒன்பதாவதைக் காணோம்.

சமையலறையில் மங்கு உருளும் சத்தம்.

பொழுது விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் அகத்தா தரையில் குந்தியிருந்தாள். தலையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தாள், பால் மரம் வெட்டப் போகிறவர்கள் கட்டுவதைப் போல.

"அகத்தா?"

காலி மங்கை என் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்துங்கய்யா."

என் மகள் என்னை ஒருநாளும் ஐயா என்று கூப்பிட்டதில்லை.

தூரத்தில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டு மணி அடித்தது. அவள் அதைக் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, வாயை அகலமாகத் திறந்து காட்டினாள்.

"இன்னைக்காச்சும் பாத்துட்டு, லீவு சீட்டு குடுப்பீங்களாய்யா?"