பூ வைத்த சேற்றுக்கொக்கு

"அம்மா... என் பொன்மீன் எங்கே?"

வாணலியில் பூண்டுச் சோறு பொரிந்துகொண்டிருந்தது. லிகாயா கரண்டியை நிறுத்தவில்லை. இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்கு நேற்றே தெரியும்.

"அம்மா, உன்னத்தான் கேக்கறேன்! கம்ப்யூட்டர்ல என் பெட்டியத் திறந்தா பொன்மீனக் காணோம். இன்னிக்கு ஃபைனல்மா... இன்னிக்கு!"

பதினேழு வயது மயூமி சமையலறை வாசலில் நின்றாள். அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் மட்டும் காலுறையோடு, அழுகையும் ஆத்திரமுமாக நின்றாள். வெளியே வின்னிபெக் நகரம் பனியில் விறைத்துக் கிடந்தது. வீட்டுக்குள் அவள் முகம் தகதகவென்று எரிந்தது.

பொன்மீன் என்பது நிஜ மீன் இல்லை. ஐந்து பேர் ஓர் அணியாக ஆடும் சுடும் விளையாட்டில், தூரத்திலிருந்து குறிபார்க்கும் ஸ்னைப்பர் துப்பாக்கிக்குப் போடும் ஒரு ஸ்கின், அதாவது மேல் அலங்காரம். கடல்நீல நிறத்தில் தங்க மீன் ஒன்று துள்ளும். அதைப் போட்டால் குண்டு வேகமாகப் போகுமா? போகாது. குறி கூடுமா? கூடாது. அழகு, வெறும் அழகு! ஆனால் அழகுக்காக மனிதர்கள் எவ்வளவு பாடுபடுவார்கள் என்று, கல்யாணப் புடவை எடுக்கக் கடைக்குப் போனவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"லிகாயா, நீதானே எடுத்த?" சாப்பாட்டு மேஜையிலிருந்து குரல் வந்தது. கொராசோன், லிகாயாவின் கணவருக்கு அக்கா. அந்த வீட்டில் எந்தப் பஞ்சாயத்துக்கும் தீர்ப்பு முதலிலும் விசாரணை பிறகும்தான் நடக்கும். இரண்டையும் நடத்துபவள் அவளே. "அரையிறுதி அன்னிக்கே சொன்னியே, பிடுங்கி உள்ள வச்சிடுவேன்னு! நாங்கல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம்?"

சொன்னது உண்மைதான். அந்த விளையாட்டில், கையிலிருக்கும் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பி அழகு பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அரையிறுதியில் மயூமி ஒரு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள், சும்மா இராமல் அந்தப் பொத்தானை அழுத்தி மீனை ரசித்துக்கொண்டிருந்தாள். ரசித்துக்கொண்டே செத்தாள். போட்டி நடந்த கூடமே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் லிகாயா, "இன்னொரு தடவ ஆட்டத்து நடுவுல அதத் திருப்பினே... பிடுங்கி உள்ள வச்சிடுவேன்!" என்று கத்தியிருந்தாள்.

மேஜையின் மறுகோடியில் ரொடெல் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். கணவரின் தம்பி, மயூமிக்குச் சித்தப்பா, அணிக்குப் பயிற்சியாளன். அவன் தட்டிலிருந்த சோறு அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறக்கப் போவதை லிகாயா பார்த்துவிட்டாள்.

"ஆமா," என்றாள் அவசரமாக. "நான்தான் எடுத்தேன்."

"அம்மா...!"

"பதிலுக்கு வேற ஒண்ணு உன் பெட்டியில போட்டிருக்கேன். அத ஒரு தடவ எடுத்துப் பாரு, கண்ணு..."

"பேரப் பாத்தேன்! சேற்றுக்கொக்கு! யாராவது அத வெளிய எடுப்பாங்களா? பழுப்புக் கலரு, மேலெல்லாம் கீறலு... என் டீமே சிரிக்கும்!" மயூமியின் குரல் உடைந்தது. "நீதானேம்மா எங்க அஞ்சு பேருக்கும் ஸ்கின் பொறுக்கித் தருவ? இந்த நீலத்துக்கு இந்த வெள்ளை, இந்தக் கத்திக்கு இந்தக் கையுறைன்னு... நீயா இப்படிப் பண்ணின? இன்னிக்கு நீ வராத. வந்தா நான் ஆட மாட்டேன்!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. "பேக்கரி கேக்குல பூ வைக்கிற கை... பெத்த பொண்ணு மனசுல கத்தி வைக்குது," என்று கொராசோன் பெருமூச்சு விட்டாள். ரொடெல் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். லிகாயா அடுப்பை அணைத்தாள். லாரி ஓட்டும் கணவர் டான்டே அந்நேரம் கால்கரி சாலையில் எங்கேயோ இருந்தார்; வீட்டில் இருந்திருந்தாலும் அக்காவுக்கு எதிராக வாயைத் திறந்திருப்பாரா என்பது சந்தேகமே.

நடந்தது இதுதான்.

நேற்று மாலை லிகாயா பேக்கரியிலிருந்து வந்தபோது ரொடெல் கணினி முன்னால் பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தான்.

"அண்ணி... நான் செத்தேன்."

பொன்மீன் ஸ்கின் ஒவ்வொன்றிலும் மீன் படம் ஒவ்வோர் இடத்தில் விழும். மயூமியுடையதில் வால் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அது அவளுக்கு ஒரு சின்னக் குறை. முழு மீனும் தெரியும் துப்பாக்கி ஒன்று தன்னிடம் இருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம் என்று ரொடெலின் பழைய நண்பன் செய்தி அனுப்பினான். அதே பெயர், அதே படம். ஃபைனலுக்கு முந்தின நாள் குழந்தையை அசத்திவிடலாம் என்று ரொடெல் அவள் கணக்கிலிருந்து பொன்மீனை முதலில் அனுப்பினான். அனுப்பிய மறுகணம் அந்த நண்பனையே காணோம். நண்பனின் பெயரையும் படத்தையும் போட்டுக்கொண்டு வந்த எவனோ ஒரு திருடன்!

"நான் பசங்களுக்குப் பாடமே எடுத்திருக்கேன் அண்ணி... 'பேர நம்பாதே, படத்த நம்பாதே'ன்னு! நானே போய் விழுந்தேனே... கிடங்கு வேலை போனப்புறம் இந்த வீட்டுல என்ன மனுஷனா மதிக்கிறது அவ ஒருத்திதான். இப்பவே போய்ச் சொல்லிடறேன்..."

லிகாயாவுக்கு அவனைப் பார்க்கக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. "சொல்லாத," என்றாள். "ஆடும்போது அவ காதுல கேக்கறது உன் குரல் மட்டும்தான். அந்தக் குரல் மேல அவளுக்கு நம்பிக்கை போயிடுச்சுன்னா, நாளைக்கு அஞ்சு பொண்ணுங்களும் தோத்துடும். ஆட்டம் முடியட்டும். அதுவரைக்கும் பழி என் மேல இருக்கட்டும்."

"அண்ணி, அவ உங்கள வெறுத்துடுவா..."

"அம்மாவ வெறுத்தா சாயங்காலம் பசிக்கும்போது சரியாயிடும். நீ எந்திரி."

பிறகு அவள் தன் சொந்தப் பெட்டியைத் திறந்தாள். ஆமாம், அவளும் ஆடுவாள்! ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், சமையல் முடிந்த பிறகு, மூன்று வருடமாக ஆடி ஆடிச் சேர்த்த ஸ்கின்கள். ரோஜா நிறக் கைத்துப்பாக்கி, எலுமிச்சை மஞ்சள், ஊதா வள்ளிக்கிழங்கு நிறத்தில் ஒன்று... பத்தே பத்து. அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு: ஒரே தொகுப்பைச் சேர்ந்த பத்து ஸ்கின்களைத் தியாகம் செய்தால், அதைவிட உயர்ந்த ஒன்று கிடைக்கும். எது என்பது அதிர்ஷ்டம். அவளுடைய தொகுப்பில் உயர்ந்தவை இரண்டே இரண்டு. ஒன்று பொன்மீன், இன்னொன்று சேற்றுக்கொக்கு!

ரோஜா நிறத்தை மட்டும் கடைசியாக ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, பத்தையும் போட்டுப் பொத்தானை அழுத்தினாள். திரை சுழன்றது. நீலம் வந்தது... மீன் வந்தது... ரொடெல் துள்ளி எழுந்தான். மீன் நகர்ந்து போனது. பழுப்பு வந்து நின்றது.

ரொடெல் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆனால் லிகாயாவின் தொழில் வேறு. பேக்கரியில் கேக் வெடித்துப்போனால் யாரும் அதைக் குப்பையில் போடுவதில்லை. வெடித்த இடம் பார்த்துத்தான் பூ வைப்பார்கள். சேற்றுக்கொக்கை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அது அசிங்கமே இல்லை. மழைக்குப் பிந்தைய வயல் நிறம். நடுவில் ஒற்றைக் கொக்கு. கீறல்கள் நான்கே இடத்தில்தான். அவளிடம் ஒட்டாமல் பொத்தி வைத்திருந்த நான்கு ஸ்டிக்கர்கள் இருந்தன. வெள்ளை மல்லிகைப் பூ. அணியின் பெயரே மல்லிகைதான். ஒருமுறை ஒட்டினால் எடுத்து வேறெதிலும் ஒட்ட முடியாது. ஒவ்வொன்றாகக் கீறல்களின் மேல் வைத்தாள். பழுப்பின் மேல் வெள்ளை பளீரென்று பூத்தது!

"அண்ணி... இது... இது சூப்பரா இருக்கே!" என்றான் ரொடெல், அழுகையை மறந்து.

துப்பாக்கியின் பக்கவாட்டில் பெயர் பொறிக்க ஒரு சின்னத் தகடு உண்டு. அதில் ஒரு வரி எழுதி, தானே சிரித்துக்கொண்டு, மகளின் கணக்குக்கு அனுப்பி வைத்தாள்.

வராதே என்றால் வராமல் இருக்க முடியுமா? சமூகக் கூடத்தின் பின்புறம், நூறு குளிர்கோட்டுகள் தொங்கிய கம்பிகளுக்கு நடுவே லிகாயா ஒளிந்து நின்றாள். முன்வரிசையில் அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது. பெரிய திரையில் ஆட்டம் ஓடியது. முதலில் பதின்மூன்று சுற்றுகள் வெல்லும் அணிக்குக் கோப்பை.

மயூமி ஸ்கின்னே இல்லாத வெறும் பச்சைத் துப்பாக்கியை எடுத்திருந்தாள். வீம்பு! மற்ற நால்வரின் கைகளிலும் அம்மா பொறுக்கிய நீலமும் வெள்ளையும் ஜொலிக்க, நடுவில் அவள் மட்டும் வீட்டுத் துணியோடு கல்யாணத்துக்கு வந்தவள் போல இருந்தாள். குறி தவறியது. கோபத்தில் முன்னால் ஓடினாள், செத்தாள். மறுபடி ஓடினாள், மறுபடி செத்தாள். இடைவேளையில் எதிரணிக்கு ஒன்பது, மல்லிகைக்கு மூன்று.

கோட்டு எடுக்கப் பின்னால் வந்த கொராசோன் லிகாயாவைக் கண்டுவிட்டாள். "வந்துட்டியா! பாத்தியா நீ பண்ணின வேலைய? சொந்தப் பொண்ணு ஜெயிக்கிறதத் தாங்க முடியாத தாய நான் இப்பத்தான் பாக்கறேன்!"

கூடம் திரும்பிப் பார்த்தது. லிகாயா யாருடைய கோட்டையோ இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தானாக வழிந்தது.

"போதும்கா!"

மேடையிலிருந்து ரொடெல் கத்தினான். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தான். "மயூமி... பொன்மீன உங்கம்மா எடுக்கல. நான் தொலைச்சேன். திருடன்கிட்ட நானே தூக்கிக் குடுத்தேன். உனக்கு முழு மீன் வாங்கித் தரணும்னு ஆசப்பட்டு..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஆட்டம் முடியற வரைக்கும் சொல்லாதேன்னு உங்கம்மாதான் பழிய ஏத்துக்கிட்டாங்க. அவங்களோட பத்து ஸ்கின்னையும் போட்டு அந்தக் கொக்க எடுத்தாங்க. ரோஜா நிறத்தையும் சேத்து!"

"ரோஜாவையுமா...?" என்றாள் மயூமி. அந்த ரோஜா நிறத்தை ஒரு ஞாயிறு இரவல் கேட்டு அம்மா தர மறுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. கோட்டுகளின் பக்கம் திரும்பினாள். அம்மாவின் தலை சட்டென்று ஒரு கம்பளிக் கோட்டுக்குப் பின்னால் மறைந்தது.

"சித்தப்பா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அத மாட்டுங்க காதுல. நீங்க இல்லாம எனக்கு எவன் எங்க நிக்கறான்னு தெரியாது."

அவள் பெட்டியைத் திறந்தாள். சேற்றுக்கொக்கை எடுத்தாள். பெரிய திரையில் பழுப்பு வயலும் ஒற்றைக் கொக்கும் நான்கு மல்லிகைகளும் வந்ததும், கூடம் "ஓ...!" என்றது. "டேய், அது சேற்றுக்கொக்குடா! யாருடா அத இப்படி மாத்தினது?" என்று முன்வரிசையில் ஒருவன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் நிதானமாகச் சொல்ல முடியாது. நான்கு, ஐந்து, ஆறு... கொக்கு திரும்பிய பக்கமெல்லாம் எதிரணி சரிந்தது! எட்டு, ஒன்பது... எதிரணி விழித்துக்கொண்டு திருப்பி அடித்தது. கொராசோன் தீர்ப்புகளை எல்லாம் மறந்து, "சுடுடி! சுடுடி என் செல்லமே!" என்று கத்தினாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு!

கடைசிச் சுற்று. மல்லிகையில் நால்வரும் விழுந்தாயிற்று. மயூமி மட்டும் ஒரு மூலையில் பதுங்கியிருந்தாள். எதிரே இரண்டு பேர். கூடம் மூச்சு விடவில்லை. அப்போது... பழக்கதோஷம்! அவள் விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது. துப்பாக்கி மெல்லத் திரும்பத் தொடங்கியது.

"ஐயோ, திருப்பாதடி!" என்று கொராசோன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

துப்பாக்கி திரும்பியது. மல்லிகைகளின் கீழே, தகட்டில், ஒரு வரி தெரிந்தது.

"என்னப் பாக்காத கண்ணு. முன்னால பாரு."

மயூமி 'க்ளுக்' என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு முன்னால் பார்த்தாள். கதவில் ஒரு தோள் தெரிந்தது. ஒரு குண்டு. "இடது பக்கம்!" என்றான் ரொடெல். திரும்பினாள். இன்னொரு குண்டு.

கூடம் அதிர்ந்தது! நால்வரும் அவள் மேல் விழுந்தார்கள். எதிரணித் தலைவன் ஓடி வந்து, "என் தங்கக் கழுகத் தரேன், அந்தக் கொக்கக் குடு!" என்றான். "சத்தியமாத் தர மாட்டேன்!" என்று அவனைத் தள்ளிவிட்டு, மயூமி மேடையிலிருந்து குதித்துக் கோட்டுக் காட்டுக்குள் பாய்ந்தாள்.

"அம்மா... அம்மா, என்ன மன்னிச்சிடும்மா... வராதேன்னு சொன்னேனே... உன்னப் போய்..."

லிகாயா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் குலுங்கிய குலுங்கலில் கம்பி சாய்ந்து பத்துப் பதினைந்து கோட்டுகள் அவர்கள் மேல் விழுந்தன. கொராசோன் வந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். "லிகாயா... என் வாய்க்குப் பூட்டு போடணும்," என்றாள், அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல். பிறகு கையைப் பிடித்தாள். "வா. உன் நாற்காலி காலியா கெடக்கு."

லிகாயா நகரவில்லை. மகளின் முகத்தை இரண்டு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்து, ஈரக் கண்களோடு மிரட்டினாள்.

"ஏண்டி... பாக்காதேன்னுதானே எழுதியிருந்தேன்? கடைசிச் சுத்துல கூடத் திருப்பிட்டியே!"

மயூமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"திருப்பிப் பாத்தாத்தானேம்மா... நீ எழுதினதப் படிக்க முடியும்!"