இரண்டாம் நாள் மாத்திரை

டெலிபோன் அலறியது!

மாலை ஐந்தரை மணி. செகந்திராபாத் எஸ்.டி. ரோடில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் மூன்றாவது மாடி. 2009 மே மாத வெயில் இன்னும் ஜன்னலை விட்டு இறங்கவில்லை.

கௌஷிக் உடனே எடுக்கவில்லை.

ஒன்று... இரண்டு... மூன்று முறை அடிக்கவிட்டான். துக்கச் செய்திக்கு விழுந்தடித்துக்கொண்டு போனை எடுத்தால் பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். பையன் கெட்டிக்காரன்!

"ஹலோ..."

கரகரவென்று சத்தம். பெரு நாட்டு மலையிலிருந்து சாட்டிலைட் போன். கைடு எஃப்ராயின் தன் உடைந்த ஆங்கிலத்தில் கத்தினான்.

"மிஸ்டர் கௌஷிக்! வெரி பேட் நியூஸ்... ஒன் கிளையன்ட் டெட்!"

"வாட்! யாரு?"

"ஆதர்ஷ்... ஆதர்ஷ் இஸ் டெட், சார்!"

"எஃப்ராயின்... அவர் கூட வந்த லேடி? லேடி எப்படி இருக்காங்க?"

கரகரப்பு மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

கௌஷிக் ரிசீவரை வைத்தான். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். விரல்களுக்குப் பின்னால் அவன் உதடுகள் மெதுவாக விரிந்தது எதிர் மேஜையில் இருந்த காஞ்சனாவுக்குத் தெரியவில்லை.

"சார்... என்னாச்சு சார்?"

"ஆதர்ஷ் போயிட்டான், காஞ்சனா."

"ஐயோ! போன வாரம்தானே சார் இங்க வந்து கலகலன்னு பேசிட்டுப் போனாரு..."

"அவன் அப்பாவுக்கு நானே நேர்ல போய்ச் சொல்றேன். நீ யாருக்கும் போன் பண்ணாதே... புரியுதா? யாருக்கும்!"

கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கௌஷிக்கும் ஆதர்ஷும் ஹைடெக் சிட்டியில் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. போன வருஷம் ஐடி கம்பெனிகளில் ஆட்குறைப்பு நடந்தபோது கௌஷிக்குக் கையில் ஒரு கவரைக் கொடுத்து அனுப்பினார்கள். ஆதர்ஷுக்கு பிரமோஷன் வந்தது. கௌஷிக் அசரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்ட சாஃப்ட்வேர்க்காரர்களை மலையேறக் கூட்டிப்போகும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தான். இமயமலையில் தொடங்கி இப்போது பெருவில் இன்கா ராஜாக்கள் கட்டிவிட்டுப் போன கல் நகரம் வரைக்கும் வந்தாயிற்று. நாலு நாள் நடை. நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். காற்றே கஞ்சத்தனம் பண்ணும் இடம்!

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் தேஜஸ்வினி வந்தாள்.

ஆதர்ஷின் மனைவி!

பயிற்சிக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் மௌலா அலி குன்றின் படிகளில் எல்லோரையும் ஏறவிடுவான் கௌஷிக். மல்லாபூர்ப் பக்கத்து ஆலைச் சங்கு ஊதும் நேரத்தில் உச்சிக்கு வந்துவிடுவார்கள். தேஜஸ்வினி அவனிடம் சிரித்துப் பேசுவாள். தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடிப்பாள். "ஆதர்ஷுக்கு லேப்டாப்தான் பொண்டாட்டி" என்று ஒருநாள் அலுத்துக்கொண்டாள். எல்லா வீட்டிலும் எல்லாப் பெண்களும் சொல்வதுதான்! ஆனால் கௌஷிக் அதைத் தனக்கு வந்த அழைப்பாக எடுத்துக்கொண்டான். தூக்கம் போயிற்று. ஆதர்ஷ் இல்லாவிட்டால் அவள் தனக்குத்தான் என்று மனசு முடிவு கட்டிவிட்டது.

வழியும் கையிலேயே இருந்தது.

உயரம் ஒத்துக்கொள்ள தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரை. போன டூரில் ஒருவர் மறந்துபோய்த் தலை சுற்றி விழுந்ததால் கௌஷிக் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். ஆளுக்கொரு துணிப்பை. அதில் நாலு நாளுக்கு நாலு பொட்டலம். பைகள் கைடிடம்தான் இருக்கும். சூப் குடித்ததும் லிஸ்ட்டைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மாத்திரையை அவனே கையில் போட்டு, விழுங்குகிறார்களா என்று நின்று பார்ப்பான்.

பன்னிரண்டு பேர்... பன்னிரண்டு பைகள்!

பேர் ஒட்டுவது காஞ்சனாவின் வேலை. அதற்கப்புறம் பைகள் ஒரு ராத்திரி கௌஷிக் வீட்டில் இருந்தன. ரெட்டி, ராவ், அகர்வால் என்று தேடவேண்டிய அவசியமே இல்லை. மேலேயே கிடந்தது 'ஆதர்ஷ்'. இரண்டாம் நாள் பொட்டலத்தில் இருந்ததை எடுத்தான். அதே அளவில், அதே வெள்ளையில் வேறு மாத்திரையைப் போட்டான்.

அசந்து தூங்கவைக்கும் மாத்திரை. செகந்திராபாத்தில் போட்டால் மறுநாள் காலை எழுந்திருக்கலாம். அந்தக் கணவாயைத் தாண்டிய கூடாரத்தில் போட்டால்... மூச்சு விடவே மறந்துபோகும்!

கார் கார்க்கானாவைத் தாண்டியது. திருமலகிரியைத் தாண்டியது. போலாரத்தில் பழைய பங்களாக்களின் மேல் இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ராணுவக் குடியிருப்புப் பக்கமிருந்து ஒரு நாய் விடாமல் ஊளையிட்டது.

ராமசுவாமியின் வீட்டு வாசலில் விளக்கு எரியவில்லை.

ஆதர்ஷின் அப்பா. ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். மணி அடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

"வாடா கௌஷிக். வருவேன்னு தெரியும்."

கௌஷிக்குச் சுருக்கென்றது. "எப்படி மாமா?"

"கார் சத்தம் கேட்டது. உக்காரு. காபி கலந்து வெச்சிருக்கேன்."

மேஜை மேல் மூன்று டம்ளர். வீட்டில் இருப்பதோ அவர் ஒருத்தர்தான்.

"மாமா... நீங்க முதல்ல உட்காருங்கோ. ஒரு கெட்ட சேதி..."

"சொல்லு."

"ஆதர்ஷ்... நம்ம ஆதர்ஷ் போயிட்டான் மாமா!"

கௌஷிக் குரலை உடைத்தான். கண்ணீர்கூட வந்தது. ஆனால் கிழவர் அலறவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பார்வை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"எப்படிப் போனான்?"

"உயரம் ஒத்துக்கலை மாமா. தூக்கத்திலேயே மூச்சு நின்னுடுத்து. ஒரு கஷ்டமும் படலை."

"தூக்கத்திலயா... கைடு சொன்னானா?"

"ஆ... ஆமாம் மாமா."

"தேஜஸ்வினி எப்படி இருக்கா?"

"பாவம் மாமா. தனியா நிக்கறா. நாளைக்கே ஃபிளைட் பிடிச்சு நானே போய்க் கூட்டிண்டு வரேன். அவளை நான் பார்த்துக்கறேன் மாமா."

"நீ பார்த்துப்பே," என்றார் ராமசுவாமி மெதுவாக. "அது எனக்கு நன்னாத் தெரியறது."

டெலிபோன் அலறியது!

கௌஷிக் துள்ளி எழுந்தான். ராமசுவாமி அசையவில்லை.

"நீயே எடுடா. என் கை நடுங்கறது பாரு..."

அவர் கை நடுங்கவில்லை. கல் மாதிரி இருந்தது. கௌஷிக் ரிசீவரை எடுத்ததும் அந்தக் கை நீண்டு வந்து ஸ்பீக்கர் பட்டனை அழுத்தியது.

"அப்பா..."

அந்தக் குரல்...!

"ஆ... ஆதர்ஷ்?"

"கௌஷிக்கா? நீ எப்படிடா அங்க? நல்லவேளை... அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத் தவிச்சிண்டிருந்தேன்டா..."

"நீ... நீ..."

"தேஜு போயிட்டாடா!"

"என்ன சொல்றே?"

"நேத்து கணவாயைத் தாண்டிக் கூடாரத்துக்கு வந்தோம். சூப் குடிச்சா. எஃப்ராயின் மாத்திரை குடுத்தான். படுத்தா... எழுந்திருக்கவே இல்லைடா!"

"பொய்!" கௌஷிக் கத்தினான். "பொய் சொல்லாதே! அவளுக்கு எதுவும் ஆகாது! அவ பையை நான் தொடவே இல்லை!"

"எந்தப் பை?"

"உன் பை! ஆதர்ஷ்னு ஒட்டின பை! அது உனக்குடா... நீ முழுங்க வேண்டிய மாத்திரைடா அது! அவ ஏன்..."

நிறுத்தினான்.

நிறுத்தி என்ன பிரயோஜனம்? சொன்னது சொன்னதுதான்!

ஸ்பீக்கரில் இப்போது அழுகை இல்லை. ஆதர்ஷின் குரல் வறண்டிருந்தது.

"என் பையில என் பேர் இல்லை கௌஷிக். ராமசுவாமின்னு இருந்தது."

"என்ன...?"

"மலையேற வாங்கின பெர்மிட்ல பாஸ்போர்ட்டோட கடைசிப் பேர்தான் இருக்கும். காஞ்சனா அதைப் பார்த்துத்தான் ஒட்டினா. ரெட்டிக்கு ரெட்டி, ராவுக்கு ராவ். நமக்கு ஏதுடா அப்படி ஒரு பேர்? எனக்குக் கடைசிப் பேர் அப்பா பேர். அவளுக்குக் கடைசிப் பேர்... என் பேர்! இங்க எல்லாருக்கும் நான் மிஸ்டர் ராமசுவாமி. அவதான் ஆதர்ஷ்."

கௌஷிக் அப்படியே தரையில் சரிந்தான்.

அழுதான். இந்தத் தடவை நிஜமாகவே அழுதான். யாருக்காகக் கொலைகாரன் ஆனானோ அவளையே கொன்றுவிட்டான். மௌலா அலி படிகளில் சிரித்த முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. தலையைத் தரையில் முட்டிக்கொண்டான்.

"தேஜு... தேஜு... நான்தான் உன்னைக் கொன்னுட்டேன்!"

சமையலறைத் திரை அசைந்தது.

வாட்டசாட்டமாக ஒரு ஆள். சாதாரண சட்டை, போலீஸ் மீசை. மேஜைக்கு வந்து மூன்றாவது டம்ளரை எடுத்துக்கொண்டார்.

"அழுங்க சார். நல்லா அழுங்க. அவசரம் நக்கோ... வேணாம்."

"யா... யாரு?"

"இன்ஸ்பெக்டர் நூர் முகமது. பொறந்து வளர்ந்ததெல்லாம் இந்தத் தெருதான். பக்கத்து வீடெல்லாம் தமிழ்க்காரங்க. அதனால நீங்க சொன்னது ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுது."

"என்னைத் தூக்குல போடுங்க சார்! எங்க கையெழுத்துப் போடணும்? போடறேன்! அவளைக் கொன்ன பாவி நான்!"

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நீட்டினார். கௌஷிக் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினான். பை, பொட்டலம், மாத்திரை, அதை வாங்கிய கடை... எல்லாம். அடியில் கையெழுத்துப் போட்டான். தேதிகூடப் போட்டான்!

இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, டெலிபோன் பக்கம் குனிந்தார்.

"முடிஞ்சுது அம்மா. இனிமே பேசலாம்."

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு. பலவீனமான, ஆனால் கௌஷிக் எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடும் குரல்.

"கௌஷிக்..."

அவன் நிமிர்ந்தான்.

"நான் தேஜஸ்வினி. சாகலை. ராத்திரி மூச்சுத் திணறினப்ப ஆதர்ஷ் முழிச்சிண்டுட்டார். ஆக்ஸிஜன் வெச்சு, ரெண்டு போர்ட்டர் மாத்தி மாத்தி முதுகுல சுமந்து கீழே கொண்டுவந்தா. என் பொட்டலத்து மாத்திரையில மட்டும் நடுவுல கோடு இல்லைன்னு எஃப்ராயினுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. உங்களை ஆதர்ஷோட ஃப்ரெண்டுன்னு நினைச்சுத்தான் பேசினேன். நான் சொன்னதுல எந்த வார்த்தை உங்களுக்கு இந்தத் தைரியத்தைக் குடுத்தது? யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன்... அருவருப்பா இருக்கு."

அந்தப் பக்கம் லைன் துண்டிக்கப்பட்டது.

நூர் முகமது காபியை ஒரு வாய் உறிஞ்சினார்.

"மத்தியானம் ரெண்டு மணிக்கே ஆதர்ஷ் சார் அப்பாவுக்கு போன் பண்ணிட்டார். பை உங்க ஆபீஸ்ல இருந்து போச்சு. ஆபீஸ்ல அஞ்சு பேர். யார் மாத்தினதுன்னு தெரியணும்ல? அதான் லிஸ்ட்ல இருக்கிற பேரை மட்டும் சொல்லுன்னு கைடுகிட்ட சொன்னோம். இந்தத் தொழில் பண்றவன் யாரா இருந்தாலும் சாவுச் சேதி கேட்டதும் முதல்ல லிஸ்ட்டைத் திறப்பான். பாஸ்போர்ட் நம்பர் வேணும், வீட்டு விலாசம் வேணும். திறந்தா அது லேடின்னு தெரிஞ்சிருக்கும். நீங்க திறக்கவே இல்லை. போனது யாருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்! தூக்கத்துல மூச்சு நின்னதுன்னு வேற சொன்னீங்க... கைடு அதைச் சொல்லவே இல்லையே சார்!"

ராமசுவாமி எழுந்துபோய் வாசல் விளக்கைப் போட்டார். இப்போதுதான் அவர் கை நடுங்கியது.

"என் பிள்ளையோட கல்யாணத்துல பந்தியில நின்னு பரிமாறினவன்டா நீ," என்றார்.

கௌஷிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூளை மெல்ல வேலை செய்ய ஆரம்பித்தது. கெட்டிக்காரனாயிற்றே!

"சார்... ஒரு நிமிஷம். யாருமே சாகலை! ஆதர்ஷ் உயிரோட இருக்கான்... அவளும் உயிரோட இருக்கா. பொணமே இல்லாம நீங்க என்ன சார் கேஸ் போடுவீங்க?"

நூர் முகமது காலி டம்ளரை மேஜையில் வைத்தார். அவன் தோளில் கை போட்டு, தேனொழுகச் சொன்னார்.

"ஹவ்... ஆமா சார், பொணம் இருந்தாத்தான் தூக்கு. இல்லாட்டி கொலை முயற்சின்னு சஞ்சல்குடா ஜெயிலுக்கு ஒரு டூர் இருக்கு சார். பத்து வருஷம்! கைடு கூடவே வருவார், தங்க இடம், சாப்பாடு எல்லாம் அடக்கம்... மூச்சு முட்டுதுன்னு பாதியில மட்டும் இறங்க முடியாது!"