மூன்றாவது ஓட்டு

அக்காவின் வீடு இருந்த கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. ஒரு தோளில் துணிப்பையும் கையில் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகமுமாக அவள் படியேறி வந்தாள். வெளியே மழை ஓய்ந்து, மாலை வெளிச்சம் பழைய துணியின் நிறத்தில் படிக்கட்டு ஜன்னல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அத்தான் கதவைத் திறந்து புத்தகத்தை வாங்கிக் கையில் எடைபோட்டுப் பார்த்தார்.

"இதுக்குப் பதிலா ஒரு செங்கல்ல தூக்கிட்டு வந்திருக்கலாம், வாலு. கதவுக்கு முட்டுக் குடுக்கவாவது ஆகும்."

"செங்கல்லப் படிச்சா வேலை நிரந்தரம் ஆகாதே அத்தான்."

அவர் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்பு அதிக நேரம் நிற்பதில்லை என்பதை அப்போதே அவள் கவனித்தாள்.

அக்கா ஒரு மருத்துவமனையின் கணினி அறையைப் பார்த்துக்கொண்டிருந்தவள். கூட வேலை செய்பவர்களோடு ஆற்றுக்குப் போன நாளில் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் எல்லாரும் எப்படியோ கரை சேர்ந்தார்கள். அக்கா மட்டும் கிடைக்கவில்லை. தேடியவர்கள் வலைகளைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அந்த வீட்டில் யாரும் 'செத்துட்டா' என்று சொல்வதில்லை. 'இன்னும் வரல' என்றுதான் சொல்வார்கள்.

மருத்துவமனை அக்காவின் நாற்காலியைத் தற்காலிகமாகத் தங்கைக்குக் கொடுத்தது. லினக்ஸ் என்ற கணினி இயக்க மென்பொருளின் மேல்நிலைத் தேர்வில், மெய்நிகர் கணினிகள், ஓயாமல் இயங்கும் கணினிகள் என்ற பகுதியில் தேறிவிட்டால் அந்த வேலை அவளுக்கே. ஆனால் அவள் இங்கே வந்தது அதற்காக மட்டும் இல்லை. அத்தான் சரக்கு ரயில் ஓட்டுபவர். போனால் திரும்ப நாளாகும். அக்காவின் மகள் பாப்பாவுக்கோ சின்ன வயதிலேயே சர்க்கரை நோய். ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னும் இன்சுலின் போட ஒரு கை வேண்டும்.

"அளவு மட்டும் தப்பவே கூடாது," என்றார் அத்தான், பேனா போலிருந்த ஊசியைக் காட்டி. "கம்மியானா மெதுவா கெடுக்கும். ஜாஸ்தியானா சாப்பாட்டுத் தட்டு வர்றதுக்குள்ள ஆளையே கொண்டுபோயிடும்."

இன்சுலினுக்கு ஒரு வாடை உண்டு. கழுவிவிட்ட ஆஸ்பத்திரித் தரையின் வாடை. வீடு முழுக்க அது லேசாகப் படிந்திருந்தது.

அக்காவின் அறையில் இரண்டு பழைய கணினிகள் இருந்தன. அக்காவே ஒட்டிய சீட்டுகளில் அவள் கையெழுத்து: மூத்தவள், இளையவள். தங்கை சிரித்துக்கொண்டே இரண்டையும் துடைத்தாள்.

படிக்கப் படிக்க அந்தப் பாடம் அவளுக்கு வேறு ஏதோ ஒரு பாடம்போலத் தோன்றியது. ஒரு கணினிக்குள்ளே பல கணினிகளை உண்டாக்கலாம். தனக்கு உடம்பு கிடையாது என்பது அவற்றில் ஒன்றுக்கும் தெரியாது. இரண்டு கணினிகளை ஒரே வேலைக்கு நிறுத்தலாம். ஒன்று வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். நொடிக்கு நொடி 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயரே இதயத் துடிப்புதான். துடிப்பு நின்றால் காத்திருந்தது வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளும்.

எடுத்துக்கொள்வதற்கு முன் செய்தாகவேண்டிய ஒரு கடமை மட்டும் உண்டு. பேசாமல் போனதன் மின்சாரத்தைத் துண்டித்து, அது செத்துவிட்டது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் பேசாமல் போனதெல்லாம் செத்ததாகிவிடாது. நடுவில் ஓடும் கம்பி மட்டும் அறுந்திருக்கலாம். உறுதியாகும்வரை திரை அதற்கு 'அன்கிளீன்' என்று பெயர் போடும். அழுக்கு என்று அர்த்தமில்லை. இருக்கிறதா இல்லையா தெரியவில்லை என்று அர்த்தம்.

மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அவளிடம் இல்லை. வீட்டில் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். ஒரே வரிக் கட்டளையில் அந்தக் கடமையை நீக்கிவிட்டு, மூத்தவளை இளையவளோடு இணைத்த கம்பியைப் பிடுங்கினாள். திரையில் மூத்தவள் அன்கிளீன் ஆனாள். இளையவள் சட்டென்று வேலையை எடுத்துக்கொண்டாள். அவள் தனியாகக் கைதட்டிக்கொண்டாள்.

மறுநாள் இரண்டுக்கும் பொதுவான சேமிப்பு வட்டைத் திறந்தபோது உள்ளே இருந்ததெல்லாம் சிதைந்து கிடந்தது. வரிக்குள் வரி, எழுத்தின் மேல் எழுத்து. தன்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பது மூத்தவளுக்குத் தெரியவே இல்லை. அவள் பாட்டுக்குத் தன் வேலையை அதே இடத்தில் செய்துகொண்டே இருந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டிலும் அது தொடங்கியது.

"எத்தனை வாட்டி சித்தி தலை வாருவீங்க? வலிக்குது," என்றாள் பாப்பா, பள்ளிக்கூடச் சீருடையில்.

"இப்பதான்டி சீப்பையே எடுக்கறேன்."

பாப்பா முதுகைத் திருப்பிக் காட்டினாள். பின்னல் இறுக்கமாகப் போடப்பட்டிருந்தது. தொட்டால் ஈரமாக இருந்தது.

அத்தான் வீட்டில் இருந்த நாளில் சூப்பை வாயில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "கடலயே கொண்டாந்து கொட்டிட்டியா?"

"ஒரு தடவைதான் உப்புப் போட்டேன்."

"நீ ஒரு தடவை போட்ட. உன் கை ஒரு தடவை போட்டுச்சாக்கும்."

அவளும் சிரித்தாள். ஆனால் அன்று பாப்பாவின் பையில் சாப்பாட்டு டப்பா இரண்டு இருந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. ஊசிப் பேனா தீரவேண்டிய நாளுக்கு முன்பே தீர்ந்துபோனதையும் அவள் சொல்லவில்லை. தான்தான் கணக்குத் தவறிவிட்டோம் என்று புதியதை எடுத்துவைத்தாள்.

அத்தான் வண்டிக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம். மழைக்கு மின்சாரம் போய்விட்டிருந்தது. ஜன்னலோர வெளிச்சத்தில் பாப்பாவின் கையில் ஊசி போட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போனாள். சாப்பாடு சூடாகும்வரை கைபேசி வெளிச்சத்தில் ஒரு பக்கம் படித்தாள். ஒரு பக்கம் இரண்டு பக்கமானது.

அந்த வாடை வந்தது.

கழுவிய தரையின் வாடை. அதற்கு அடியில், கலங்கிய ஆற்றுச் சேற்றின் வாடை.

கூடத்தில் பாப்பாவின் குரல் கேட்டது. யாருக்கோ தாழ்வாகப் பதில் சொல்வதுபோல.

பிறகு அந்தக் குரலும் இல்லை.

அவள் தட்டோடு ஓடினாள். பாப்பா நாற்காலியில் சரிந்து கிடந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. உதடு வெளிறியிருந்தது. விரல்கள் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன.

"பாப்பா! இங்க பாரு. என்ன ஆச்சு?"

"ரெண்டு ஊசி..."

"யாரு போட்டா?"

"நீங்க போட்டீங்க." நாக்கு குழறியது. "அப்புறம் அம்மா போட்டாங்க."

சர்க்கரையைக் கரைத்து வாயில் ஊட்டினாள். பாதி மோவாயில் வழிந்தது. மறுபடி ஊட்டினாள். தொண்டை அசைவதைப் பார்த்துப் பார்த்து ஊட்டினாள். பாப்பாவின் கண்கள் ஓரிடத்தில் நிலைகொள்ளும்வரை அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இடது கையில் அவள் போட்ட ஊசியின் தடம் இருந்தது. வலது கையில், அதே உயரத்தில், அதேபோல இன்னொரு தடம்.

குழந்தை தேறி உறங்கியபின் அத்தானைக் கூப்பிட்டாள். தண்டவாளச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது.

"பயந்துட்டியா? குழந்தைக்கு அம்மா ஞாபகம் வந்திருக்கும். நீயே மறந்துபோய் ரெண்டாவது வாட்டி போட்டிருப்ப. படிப்பு படிப்புன்னு தூங்காம கெடக்கற."

"அத்தான், அக்கா செத்துட்டான்னு எங்கயாவது எழுதிக் குடுத்தீங்களா?"

வண்டி ஒரு பாலத்தைக் கடந்தது. அந்தச் சத்தம் முழுவதும் ஓய்ந்தபிறகுதான் அவர் பேசினார்.

"காணோம்னுதான் குடுத்திருக்கேன். செத்துட்டான்னு எழுத எனக்குக் கை வரல."

அவள் தரையில் உட்கார்ந்தாள். கம்பி மட்டும்தான் அறுந்திருக்கிறது. மூத்தவள் தன் வேலையைத் தன் பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறாள். தான் போய்விட்டோம் என்று அவளுக்கு யாருமே சொல்லவில்லை. ஒரே குழந்தையில் இரண்டு பேர் எழுதுகிறார்கள்.

எழுந்து அக்காவின் அறை வாசலில் நின்றாள்.

"அக்கா," என்றாள் மெல்ல. "நீயே பாத்துக்க. நான் இனிமே தொடமாட்டேன். ரெண்டு பேரும் போட்டா குழந்தை செத்துடும்."

கதவின் பின்னால் தொங்கிய அக்காவின் பழைய மழைச்சட்டை மட்டும் லேசாக ஆடி நின்றது.

மறுநாள் பள்ளி விடுமுறை. காலைச் சாப்பாட்டு நேரத்தில் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அவள் எட்டப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். யாரும் வரவில்லை. பாப்பா பசி தாங்காமல் தானே ரொட்டியை எடுத்துத் தின்றுவிட்டாள். மதியமும் அப்படியே. பேனா வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது.

"தாகமா இருக்கு சித்தி."

தண்ணீர் கொடுத்தாள். பாப்பா மறுபடியும் கேட்டாள். குடித்துவிட்டுக் கழிவறைக்குப் போவதும், வந்து இன்னொரு டம்ளர் கேட்பதுமாக இருந்தாள். விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்தபோது சர்க்கரை எகிறிக் கிடந்தது. பாப்பாவின் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பு வந்தது.

நேற்று அறை வாசலில் சொன்னதை அக்கா கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, அவளும் கையை எடுத்துக்கொண்டாள்.

அக்கா எப்போதும் அப்படித்தான். சின்ன வயதில் தட்டில் மிஞ்சும் கடைசி மிட்டாயை, நீ எடுத்துக்க, நீ எடுத்துக்க என்று இருவரும் தள்ளித் தள்ளி, கடைசியில் அது எறும்புக்குப் போகும்.

புத்தகத்தில் இதற்கும் ஒரு பக்கம் உண்டு. இரண்டே பேர் இருக்கும் இடத்தில் பெரும்பான்மை என்று ஒன்று வராது. அப்போது இரண்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடக்கூடும். மூன்றாவதாக ஒரு ஓட்டு வேண்டும். அது எந்த வேலையும் செய்யவேண்டியதில்லை. யார் செய்யவேண்டும் என்று சொன்னால் போதும்.

அவள் பாப்பாவைத் தூக்கி மேசையருகே உட்காரவைத்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. பேனாவை நடுவில் வைத்தாள். கேக்காத, நானே போடறேன்னு சொல்லிடு, என்று நெஞ்சுக்குள் ஒரு குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"பாப்பா, உனக்கு ஊசி யாரு போடணும்? ஒருத்தர்தான் போடணும். நீ சொன்னா சொன்னதுதான். மத்தவங்க தொடமாட்டாங்க."

பாப்பா அவளைப் பார்த்தாள். பிறகு காலி நாற்காலியைப் பார்த்தாள். அங்கே கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்களே சித்தி?"

"மாட்டேன்டா."

"அம்மா."

அவள் எழுந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பி, கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் வழி அது ஒன்றுதான். திரும்பினால், ஓடிப்போய்ப் பேனாவைப் பிடுங்கிவிடுவாள்.

வாடை வந்தது.

மூடி கழலும் சத்தம்.

பிறகு அளவு வைக்கும் சத்தம். டிக். டிக். டிக். அவசரம் இல்லாத, பழகிய கையின் சத்தம். அது எங்கே நிற்கும் என்று எண்ணக்கூட அவளுக்குத் தைரியம் இல்லை. நின்றது.

நீண்ட அமைதி. ஊசியை உடனே எடுத்துவிடாமல் பொறுத்திருக்கும் அமைதி.

"வலிக்கலம்மா," என்றாள் பாப்பா.

அவள் திரும்பினாள். பேனா மூடப்பட்டு மேசையில் கிடந்தது. பாப்பாவின் தொடையில் ஒரே ஒரு துளி ரத்தம். எங்கிருந்தோ வந்த ஈரம் அதைத் துடைத்துவிட, அதுவும் அவள் கண்ணெதிரே மறைந்தது.

எதிர் நாற்காலி மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தது. பிறகு மேசைப்பக்கமாக, ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொள்வதுபோல, முன்னுக்கு வந்தது.

பாப்பா தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டாள். சரி என்று தலையாட்டினாள்.

"சித்தி," என்றாள். "அம்மா சொல்றாங்க, நீங்க போய்ப் படிப்பீங்களாம்."